கூடப்பிறந்த எலிகள்

என் அக்கா எலிகளுக்குக் காது பார்க்கிறவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் நரம்பியல், மரபணு என்று ஏதாவது சொல்லிவைப்பாள். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "நிஜமா என்ன பண்றாங்க?" என்பார். எலிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிறாள் என்பேன். எலிக்குக் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று அவர் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த எலிகள் என் பிழைப்பையும் சேர்த்துக் கடித்துத் துப்பும் என்று அப்போது யார் கண்டது.

அவள் அந்த வேலைக்குப் போனதற்கு அப்பாதான் காரணம். நாற்பதைத் தாண்டியதும் அப்பாவுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் போனவை கீச்சென்ற ஒலிகள்: அலாரம், அழைப்பு மணி. பிறகு பெண்களின் குரல். நான் பேசினால் கேட்கும், அம்மா பேசினால் கேட்காது. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று அம்மா வருஷக்கணக்கில் சண்டை பிடித்தாள். டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்த அப்பாவைப் பின்னறைக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கேட்கும் ஊர் ஒன்று, இவர் கொடுக்கும் டிக்கெட் வேறொன்று என்று ஆகிவிட்டிருந்தது. பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் அதே வயதில் அதே கதை. மூன்று பேரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டால் வீடு சந்தைக்கடைதான். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு விளங்காது, ஆனாலும் மூவரும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா சிரிக்கமாட்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் போனது வேறு வழி. ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்ந்தேன். படிப்பில் மக்கு என்று பெயர் வாங்கியவனுக்குக் காதுதான் ஒரே சொத்து. பாடகர் எச்சில் விழுங்குவது, வயலின்காரர்களில் யாரோ ஒருவரின் நாற்காலி முனகுவது, பக்கத்து அறை மின்விசிறி ரீங்கரிப்பது எல்லாம் எனக்குத் தனித்தனியாகக் கேட்கும். எங்கள் மாஸ்டர் யாரையும் லேசில் பாராட்டமாட்டார். அவரே ஒருநாள், "இவன் காதுக்குத் தப்பி இந்த ரூமை விட்டு ஒண்ணும் வெளிய போகாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அக்காவின் ஆய்வுக்கூடத்தை முதல்முதலில் பார்த்தது ரத்தம் கொடுக்கப் போனபோது. அவளுடைய பேராசிரியர் எங்கள் குடும்பத்தையே வரச்சொல்லியிருந்தார். வெயிலோ மழையோ கோட்டைக் கழற்றமாட்டார் என்பதால் அவருக்கு நான் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். அப்பா, பெரியப்பா, அத்தை மூவரையும் வரிசையாக உட்காரவைத்து, மூன்று செவிடர்கள் ஒரே வயிற்றில் பிறப்பது அபூர்வம் என்று அவர் சந்தோஷப்பட்டார். அத்தைக்குப் பாதிதான் கேட்டது. பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவரைக் கும்பிட்டாள். அவர்களோடு அக்காவும் நானும் கையை நீட்டினோம்.

ரத்தம் கொடுத்த பிறகு அக்கா என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனாள். அடுத்தடுத்து இரண்டு கதவுகள், செருப்புக்கு மேல் காகித உறை, உள்ளே மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி. கூரை வரைக்கும் அலமாரி, அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டி, ஒவ்வொன்றிலும் நாலைந்து கறுப்பு எலி. ஓர் எலிக்கு மயக்க ஊசி போட்டு வெதுவெதுப்பான மெத்தையில் கிடத்தினாள். காதோரம் தோலுக்கடியில் மயிர் போன்ற ஊசிகளைச் செருகி, பக்கத்தில் பட்டாணி அளவு ஸ்பீக்கரை வைத்து ஒலியை ஓடவிட்டாள். திரையில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக எழுந்தது. ஒலியைக் குறைக்கக் குறைக்க மேடுகள் அமுங்கின. எந்த அளவில் கோடு தட்டையாகிறதோ அதற்குக் கீழே அந்த எலிக்குக் காது இல்லை. எலி வாய் திறந்து சொல்லவேண்டியதில்லை.

"நாள் பூரா இதையா பார்த்துட்டு இருக்கே?" என்றேன்.

"நீ மட்டும் என்ன பண்றே? உன் திரையிலயும் கோடுதானே ஆடுது."

அது சரிதான். அன்றைக்கு அந்த இடம் எனக்குப் பிடித்துக்கூடப் போனது. இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம் என்று தோன்றியது.

அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் அத்தையிடமும் ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது மட்டும் போதாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக ஆயிரம் இருக்கும், மூக்கு உள்பட. அதனால் அந்த மரபணுவை எலிகளில் அழித்துவிட்டுக் காத்திருந்தார்கள். எலிகள் வளர்ந்தன, அவற்றுக்கு வயதாயிற்று, காது போயிற்று. கோடு தட்டையாகக் கிடந்தது. கோட்டுக்காரர் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாராம். அக்கா கேக்கைத் தொடாமல் நேராக என்னைத் தேடி வந்தாள்.

ஒலிப்பதிவு நடக்கும்போது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அது அணையும் வரைக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தேன். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"அது உனக்கு இருக்குடா," என்றாள்.

"உனக்கு?"

"எனக்கு இல்ல."

"நிச்சயமா?"

"எலியில முடிவு தெரியிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப சந்தேகமே இல்ல. நாற்பதுக்கு மேல போயிடும். அதுக்குள்ள வேற ஏதாவது கத்துக்கோ."

என் அக்கா பொய் சொல்லமாட்டாள். சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்குக்கூட என்னைக் காட்டிக்கொடுத்தவள். அதனால் நம்பினேன். இதைவிட எனக்கு வேறென்ன சான்று வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

சில மாதங்களில் ஒலிப்பதிவை விட்டேன். காது போன பிறகு மாஸ்டர் என் மேல் இரக்கப்பட்டு வைத்துக்கொள்வதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. காது தேவைப்படாத வேலை எது என்று தேடி ஒரு மருந்துக் கிடங்கில் சேர்ந்தேன். பெட்டியைப் பார், சீட்டைப் பார், அலமாரியில் வை. அவ்வளவுதான். சாயங்காலங்களில் உதட்டசைவு படிக்கும் வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எல்லாரும் கிழவர்கள், காது நன்றாகக் கேட்கும் ஒரே முட்டாள் நான்தான். பல்லில்லாத வாயிலிருந்துகூடச் சொல்லைப் பிடுங்கும் அளவுக்குத் தேறினேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறக்கும் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அக்கா வரைந்து காட்டியிருந்தாள். என் மனைவி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "வேணாம்னா வேணாம்," என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவேயில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழும்போது ஜன்னலைச் சாத்துவாள்.

அக்கா மேலே போனாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது, கடைசிப் பெயர் கோட்டுக்காரருடையது. அவர்கள் தொழிலில் கடைசியில் நிற்பவர்தான் முதலாளியாம். பொன்னாடைகள் எல்லாம் அவருக்குப் போயின, இவளுக்கு வேறொரு நிறுவனத்தில் சொந்த ஆய்வுக்கூடம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், எலி குட்டி போடும் நேரத்தை நானா குறிக்கிறேன், நடுராத்திரியில் எழுந்து ஓடினால் எந்த மாப்பிள்ளை பொறுத்துக்கொள்வான் என்று சிரிப்பாள். விரல் நுனியெல்லாம் எலிப்பல் தழும்பு. ஆஸ்பத்திரிகளில் எங்கள் குடும்பத்தின் எழுத்துப் பிழையைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது. முகம் தெரியாத எத்தனையோ பேரை உட்காரவைத்து, உனக்கு நாற்பதுக்கு மேல் காது போகும் என்று சொன்னார்கள். எனக்கு அதில் ஓர் அற்பத் திருப்தி இருந்தது. நான் மட்டும் இல்லை, துணைக்கு ஆள் இருக்கிறது என்று.

நாற்பது வந்தது, போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுந்ததும் கடிகாரத்தைக் காதோரம் வைத்துப் பார்ப்பேன். டிக் டிக் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். பிழைத்தோம் என்று நிம்மதிப்பட வேண்டியவன் நாளாக நாளாக எரிச்சல்பட்டேன். வரவேண்டியது வந்து தொலைக்கட்டுமே என்று இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்று சொன்னாள்.

நடந்தது இதுதான். பழைய ஆய்வுக்கூடத்தில் இடம் குறைவு, பெட்டிக்குப் பெட்டி வாடகை. ஒரு எலி ஒரே பிரசவத்தில் ஏழெட்டுக் குட்டி போட்டால் அதில் சிலதுக்குத்தான் மரபணு அழிந்திருக்கும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாத மற்றக் குட்டிகளை இடத்தை அடைக்கின்றன என்று அப்போதே கொன்றுவிடுவார்கள். எல்லா இடத்திலும் நடக்கும் வழக்கம்தானாம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எலி வேண்டுமே? அதை எலி வளர்த்து விற்கும் கம்பெனியிலிருந்து வாங்குவார்கள். கம்பெனி எலி எப்போதும் இளசு, வந்த வாரமே சோதித்துவிடுவார்கள். அதற்குக் காது கணீரென்று கேட்கும். வயதான எலிக்குக் கேட்காது. முடிந்தது கண்டுபிடிப்பு. புதிய இடத்தில் அக்காவுக்குத் தாராளமாக அலமாரி இருந்ததால் இந்தத் தடவை எல்லாக் குட்டிகளையும் வளரவிட்டாள். வயதானதும் சோதித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் கோடு தட்டை. மரபணு அழிந்ததும் செவிடு, அழியாததும் செவிடு. முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டாள், மாற்றினாள். ஊசியைச் சந்தேகப்பட்டாள், மாற்றினாள். கடைசியில்தான் உறைத்தது. அந்தக் கறுப்பு எலி வம்சத்துக்கே வயதானால் காது போகும். எங்கள் குடும்பத்து எழுத்துப் பிழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"கூடப்பிறந்ததை வெச்சுத்தான் ஒப்பிடணும்," என்றாள். "அதே அம்மா, அதே பெட்டி, அதே வயசு. அதைத்தான் நாங்க தூக்கிப் போட்டோம்."

என் மனைவி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரில் நின்றாள்.

"இப்ப எனக்கு என்ன வயசுன்னு தெரியுமா அண்ணி?"

என் மனைவி பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் சாத்தினாள். அந்தத் தாழ்ப்பாள் விழுந்த மெல்லிய ஒலிகூட எனக்கு நன்றாகக் கேட்டது.

அக்கா கோட்டுக்காரரிடம் போனாள். கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும், பரிசோதனையை நிறுத்தவேண்டும் என்று கேட்டாள். அவருக்கு அப்போது தலை முழுக்க நரைத்து, கோட்டின் மார்பில் பதக்கம் ஏறியிருந்தது. அவர் கோபப்படவே இல்லையாம்.

"எலி தப்பா இருக்கலாம்மா," என்றாராம். "உங்க குடும்பம் தப்பா இருக்குமா? மூணு பேர் செவிடு, மூணு பேருக்கும் இருக்கு. உனக்கு இல்ல, உனக்குக் காது கேக்குது. உன் தம்பி இன்னும் இருக்கானே. கொஞ்சம் பொறு, அவனே சொல்லிடுவான்."

அதாவது நான் செவிடாகும் வரைக்கும் அந்த ஆள் கோட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "போய் என்னன்னு கேப்பே? காது கேக்குது சார்னா?" என்றாள் அக்கா. உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எழுதி அனுப்பிய மறுப்பைப் பத்திரிகைகள் பூசி மெழுகித் திருப்பி அனுப்பின. எலிப் பகுதி சுவாரசியமானதுதான், மனிதர்களிடம் சான்று போதாது என்றார்கள். ஆராய்ச்சிப் பணம் வருவது நின்றது. தன் கட்டுரையையே பொய் என்று சொல்கிறவளை நம்பி யார் கொடுப்பார்கள்? மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையும், மனிதர்களுக்குக் காது பார்க்கும் ஒரு சோதனைக் கூண்டும் மிச்சமாயின. எலிகளைக்கூட எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்படிக் கஷ்டப்பட்டதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் குளுகுளுவென்று இருந்தது. என்னவளின் முகத்தைத் தினமும் பார்க்கிறவன் நான்.

ஆனாலும் வாரத்துக்கு ஒருநாள் அவள் வருவாள். வேறு எங்கே போவாள்? என் மனைவி பேசமாட்டாள், சாப்பாடு மட்டும் எடுத்துவைப்பாள். போன மாதம் வந்தபோது அக்கா தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தபடியே நின்று மருந்துக் கிடங்கைப் பற்றி ஏதோ கேட்டாள். எங்கள் ஃப்ரிட்ஜ் புதுசு, கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தால் கீச்கீச்சென்று கத்தும். கத்தியது. அவள் மூடவில்லை. மறுபடி கத்தியது. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து என் மனைவி எட்டிப்பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். அப்பாவுக்கு அப்படித்தான் போனது.

"என்னடா அப்படிப் பாக்குறே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "கத்துதா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். என் மனைவிதான் வந்து கதவை மூடினாள். அக்காவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டாள். "உக்காருங்க அண்ணி," என்றாள். அத்தனை காலத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அக்கா உட்கார்ந்து மேஜையில் கையை ஊன்றினாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மூணு பேருக்கும் இருந்ததுன்னாரு இல்ல? எனக்கு அது இல்ல," என்றாள். "இல்லாதவளுக்குக் காது போகுது. இருக்கிறவன் நீ கேட்டுட்டு உக்காந்திருக்கே. இனிமே அவர் என்ன சொல்லுவார்?"

"அக்கா, முதல்ல டாக்டர்கிட்ட போலாம்."

"போறேன். எல்லாம் போறேன். அதுக்கு முன்னால ரெண்டு பேரும் ஒரே கூண்டுல, ஒரே மெஷின்ல உக்காரணும். கூடப்பிறந்தவன்டா நீ. எனக்கு வேற எலி எங்க இருக்கு?"

அவளுக்குக் காது போவதைப் பற்றி அவள் பேசவில்லை, பிழை நிரூபணமாவதைப் பற்றித்தான் பேசினாள். இப்படிப்பட்ட ஜென்மத்தை என்ன செய்வது? அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். சோதனைக் கூண்டு என்பது ஆள் ஒருவர் உட்காரும் அறை. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு கண்ணாடி ஜன்னல், கனமான கதவு. உள்ளே உட்காருபவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டினேன். என் கை தானாகவே அதைச் சரிசெய்தது. ஒலிகள் வந்தன. ஒன்றுவிடாமல் அழுத்தினேன். வெளியே வந்ததும் அக்கா திரையைக் காட்டினாள்.

"இருபது வயசுப் பையன் காதுடா உனக்கு."

இருபது சொச்சம் வயதில் நான் தூக்கிப்போட்ட காது. பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு அவள் உள்ளே போனாள். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அது என் பழைய தொழில். கதவை இறுக்கிச் சாத்திவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் பக்கத்து ஹெட்ஃபோனிலும் அதே ஒலி கேட்கும்படி வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

கீச்சென்ற உச்ச ஒலியிலிருந்து ஆரம்பித்தேன். ஊசி மாதிரி மெல்லிய ஒலி. அவள் விரல் அசையவில்லை. கொஞ்சம் கூட்டினேன், அசையவில்லை. அதற்கு அடுத்த ஒலிக்கு இறங்கினேன், கூட்டினேன். ஒரு கட்டத்தில் என் காது கூச ஆரம்பித்தது. அழுத்திவிடு அக்கா என்று வாய்விட்டுச் சொன்னேன். கோட்டுக்காரரே ஜெயித்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒரு மயிரும் போகவில்லை, அந்தப் பொத்தானை அழுத்தித் தொலை. பஞ்சுச் சுவரைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. அவள் கண் இமைக்காமல், கவனம் சிதறாமல் காத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் கூட்டினேன்.

கண்ணாடிக்கு உள்ளே அவள் உதடு அசைந்தது. படிக்க எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

"எப்படா ஆரம்பிப்பே?" என்று கேட்டாள்.